நர்சிங் பட்டம்: எத்தனை ஆண்டு, எத்தனை மணி நேரம்?

ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "வணிகவியலில் பட்டம் பெற்று ஆறு ஆண்டுகள் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டேன். வயது 29. மூன்று வயதில் ஒரு குழந்தை. செவிலியராக வேண்டும் என்பது பள்ளி நாளிலிருந்தே உள்ள ஆசை. நர்சிங் பட்டம் முடிக்க எவ்வளவு காலம் ஆகும்? ஓராண்டு போதும் என்கிறார் ஒருவர், ஐந்தாண்டு ஆகும் என்கிறார் இன்னொருவர். எந்த நாட்டில் படிப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை."

உங்களிடம் சொன்ன இருவருமே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இருவரும் வெவ்வேறு வாசலில் நின்றுகொண்டு சொல்லியிருக்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நர்சிங் மாணவர்களை வார்டில் வைத்துப் பயிற்றுவித்தவள் என்ற முறையில், இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். இதற்குக் கிடைக்கும் அரைகுறைப் பதில்களை நம்பிக் காலத்தையும் பணத்தையும் இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் எண்ணைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு சேரும் ஒருவருக்கு நர்சிங் இளநிலைப் பட்டம் மூன்று அல்லது நான்கு ஆண்டு. இந்தியா, இலங்கை, பிலிப்பைன்ஸ், அமெரிக்கா, அயர்லாந்து, கனடாவின் பெரும்பகுதி ஆகிய இடங்களில் நான்கு. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றில் மூன்று. பட்டம் இல்லாத பட்டயப் படிப்பு, அதாவது டிப்ளமோ, பெரும்பாலும் மூன்று ஆண்டு. வேறு துறையில் ஏற்கெனவே பட்டம் பெற்றவருக்கு, அமெரிக்காவைப் போன்ற சில நாடுகளில், பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதத்தில் முடியும் விரைவுப் படிப்பும் உண்டு. உங்களுக்குக் கிடைத்த 'ஓராண்டு' என்ற பதில் இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். அதற்குப் பின்னால் மறைந்திருக்கும் மாதங்களைப் பிறகு சொல்கிறேன்.

இந்த எண்களை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்துவிடாதீர்கள். நர்சிங் படிப்பின் நீளத்தை உண்மையில் அளப்பது ஆண்டுக்கணக்கு அல்ல, மணிக்கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு விதி, பொதுச் செவிலியர் பயிற்சி குறைந்தது மூன்று ஆண்டும் 4,600 மணி நேரமும் இருக்க வேண்டும் என்கிறது. அதில் பாதிக்குக் குறையாமல் நோயாளிகளோடு நேரடியாகப் பெறும் பயிற்சியாகவும், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பாடமாகவும் இருக்க வேண்டும். பிரிட்டன் அந்த ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகும் 2,300 மணி நேரம் பாடம், 2,300 மணி நேரம் பயிற்சி என்ற கணக்கை விடவில்லை. பயிற்சிக்குரிய அந்த 2,300 மணியில் 600 வரை நோயாளிக்குப் பதிலாகப் பயிற்சிப் பொம்மைகளையும் செயற்கைச் சூழலையும் வைத்துக் கற்பிக்கலாம் என்று மட்டும் 2023இல் தளர்த்தினார்கள்.

4,600 மணி என்றால் என்ன என்பதை உங்கள் வீட்டு நாள்காட்டியில் வைத்துப் பாருங்கள். மூன்றால் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 1,533 மணி. ஆண்டில் 45 வாரம் படிப்பு நடக்கிறது என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 34 மணி. வீட்டில் உட்கார்ந்து தேர்வுக்குப் படிப்பது இதில் சேராது. போக்குவரத்து சேராது. நோயாளியைப் பற்றிய குறிப்பான கேஸ் ஷீட் எழுதும் இரவுகள் சேராது. அதாவது இது முழுநேர வேலை, அதற்கு மேல் ஒரு படிப்பு. பகல் டூட்டி, இரவு டூட்டி, வார இறுதி என்று மாறி மாறி வரும். குழந்தை இருக்கும் ஒருவர் எத்தனை ஆண்டு என்று கேட்பதைவிட ஒரு வாரம் எப்படி இருக்கும் என்று கேட்பதுதான் பயன்படும்.

இதே மூன்று ஆண்டு ஆஸ்திரேலியாவில் வேறு கணக்காக இருக்கிறது. அங்கே பட்டத்துக்குத் தேவையான குறைந்தபட்ச மருத்துவமனைப் பயிற்சி 800 மணி நேரம். வாரத்துக்கு 38 மணி என்று பார்த்தால் சுமார் 21 வாரம். பிரிட்டனின் 2,300 மணியோ வாரத்துக்கு 37.5 மணி என்ற கணக்கில் 61 வாரத்தைத் தாண்டும். இரண்டு நாட்டிலும் ஆண்டுக்கணக்கு ஒரே அளவுதான், ஆனால் கட்டிலருகே நின்ற நேரம் ஏறக்குறைய மூன்று மடங்கு வேறுபடுகிறது. 800 மணி பயின்றவர்கள் திறமை குறைந்தவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே பட்டம் பெற்ற பிறகு முதல் ஆண்டில் புதிய செவிலியருக்குத் துணைநின்று கற்றுத்தரும் ஏற்பாடு பல மருத்துவமனைகளில் இருக்கிறது. எந்த மணி நேரம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஏன் இத்தனை மணி நேரம் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் ஒரு சிறு விஷயம் உண்டு. சுவாசத்தை எண்ணுவது.

நர்சிங்கில் சேர்ந்த முதல் மாதத்திலேயே இதைக் கற்றுக்கொடுக்கிறோம். நோயாளியின் மார்பு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. இதைவிட எளிய பாடம் இருக்க முடியாது. ஆனால் முதலாண்டு மாணவர்களின் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தால் வார்டில் உள்ள எல்லா நோயாளிகளுக்கும் 16 அல்லது 20 என்றே எழுதியிருக்கும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கியிருப்பார்கள். நான்கு மூச்சு என்றால் 16, ஐந்து என்றால் 20. திட்டினால் ஒரு வாரம் முழு நிமிடம் எண்ணுவார்கள், பிறகு பழையபடி ஆகிவிடும். அந்த எண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவர்கள் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை என்பதுதான் காரணம்.

என் மாணவி ஒருத்தி மூன்றாம் ஆண்டில் அறுவை சிகிச்சை வார்டில் இருந்தாள். வயிற்றில் அறுவை முடிந்து இரண்டாம் நாள் ஆன ஒரு நோயாளி. ரத்த அழுத்தம் சரி, காய்ச்சல் இல்லை. அவள் என்னிடம் வந்து, "மேடம், இவர் நேற்று என்னிடம் நன்றாகப் பேசினார். இன்று ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இரண்டு முறை நிறுத்துகிறார். எண்ணிப் பார்த்தேன், 28" என்றாள். நான் போய் எண்ணினேன். 28தான். மருத்துவரை அழைத்தோம். ஆக்சிஜன் அளவு இறங்கத் தொடங்கியபோது மருத்துவர் ஏற்கெனவே கட்டிலருகே இருந்தார். நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்கலாம் என்று சந்தேகித்து உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார். அந்த நோயாளி பிழைத்து நடந்து வீட்டுக்குப் போனார். உடல்நிலை சரியத் தொடங்கும்போது பலருக்கு மற்ற அளவுகள் மாறுவதற்கு முன்பே சுவாச எண்ணிக்கை ஏறிவிடும். இது பாடப் புத்தகத்தில் ஒரு வரி. அந்த மாணவி முதலாண்டிலேயே அதைப் படித்துத் தேர்விலும் சரியாக எழுதியவள். ஆனால் நேற்றுப் பேசிய மனிதர் இன்று பேசுவதில் உள்ள மாற்றத்தைக் காதில் வாங்க அவளுக்கு இரண்டரை ஆண்டு வார்டு தேவைப்பட்டது. அந்தக் காதை வேகமாக வளர்க்கும் வழி எனக்குத் தெரிந்து இல்லை. வழிகாட்டி உடனிருக்க, பல வகை நோயாளிகளோடு, போதுமான நாட்கள் நிற்பது ஒன்றுதான்.

இந்தப் படிப்பின் நீளம் ஒரே நாளில் முடிவானதும் அல்ல. 1860இல் லண்டனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரால் தொடங்கிய பயிற்சிப் பள்ளியில் பயிற்சிக் காலம் ஓராண்டுதான். அதன் பிறகு மருத்துவமனைகள் நடத்திய பள்ளிகளில் அது இரண்டாகி மூன்றாகியது. ஆனால் அந்தக் கூடுதல் ஆண்டுகள் எல்லாம் கற்பதற்கானவை அல்ல. மாணவிகள் வார்டின் பாதி வேலையைச் செய்யும் கைகளாகவும் இருந்தார்கள். அந்த நிலையை மாற்ற வந்ததுதான் பல்கலைக்கழகப் படிப்பு. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகம் 1909இல் நர்சிங் பள்ளியைத் தொடங்கியது. இந்தியாவில் வேலூரிலும் டெல்லியிலும் பட்டப் படிப்பு 1946இல் வந்தது. பிரிட்டனில் புதிதாகச் சேரும் எல்லோருக்கும் பட்டம் கட்டாயமானது 2013இல்தான். இடையில் எதிர்த் திசையிலும் ஒரு முயற்சி நடந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஏற்பட்ட செவிலியர் பற்றாக்குறையில், இரண்டே ஆண்டில் செவிலியரை உருவாக்கலாம் என்று 1951இல் அமெரிக்க நர்சிங் கல்வியாளர் மில்ட்ரெட் மொன்டாக் தம் ஆய்வில் முன்வைத்தார். அடுத்த ஆண்டே சமுதாயக் கல்லூரிகளில் சோதனை தொடங்கியது. அமெரிக்காவின் இரண்டாண்டு 'அசோசியேட்' படிப்பு அதன் வழித்தோன்றல். இன்றும் ஏராளமானவர்கள் அந்த வழியாகத்தான் பதிவுபெற்ற செவிலியர் ஆகிறார்கள்.

பட்டம் வரை போவதால் நோயாளிக்கு என்ன பயன் என்ற கேள்விக்கும் ஆய்வு உண்டு. அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் லிண்டா எய்க்கனும் அவருடைய குழுவினரும் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட முடிவு இது: பட்டம் பெற்ற செவிலியரின் பங்கு 10 சதவீதம் கூடும்போது, அறுவை சிகிச்சை பெற்றவர்கள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைந்திருந்தது. ஒன்றால்தான் மற்றது விளைந்தது என்று இத்தகைய ஆய்வு அடித்துச் சொல்லாது. ஆனாலும் கூடுதலாக ஓராண்டு படிப்பதா என்று தயங்கும் மாணவர்களிடம் நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன். நியூயார்க் மாநிலம் 2017இல் ஒரு சட்டமே கொண்டுவந்தது. டிப்ளமோவோ அசோசியேட் பட்டமோ பெற்றுப் புதிதாகப் பணியில் சேர்பவர்கள் பத்து ஆண்டுக்குள் இளநிலைப் பட்டத்தை முடிக்க வேண்டும்.

இனி வழிகளுக்கு வருகிறேன். டிப்ளமோ முடித்துப் பதிவுபெற்று, வேலை பார்த்துக்கொண்டே பிறகு பட்டமாக உயர்த்திக்கொள்வது பலருக்குக் கைகொடுத்த வழி. இந்தியாவில் ஜி.என்.எம். எனப்படும் நர்சிங் டிப்ளமோ மூன்று ஆண்டு, அதன் மேல் டிப்ளமோ முடித்தவர்களுக்கான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. பட்டம் இரண்டு ஆண்டு, ஆக ஐந்து. உங்களுக்கு 'ஐந்தாண்டு' என்று சொன்னவர் இதைத்தான் நினைத்திருப்பார். அமெரிக்காவில் அசோசியேட் பட்டத்தோடு பணியில் சேர்ந்தவர் ஓராண்டு முதல் இரண்டாண்டுக்குள் இளநிலைப் பட்டத்தை முடிக்கலாம். பாடங்கள் பெரும்பாலும் இணையவழியிலேயே நடக்கும். கூட்டிப் பார்த்தால் இந்த வழி நீளமானது. ஆனால் மூன்றாம் ஆண்டின் முடிவிலேயே சம்பளம் வரத் தொடங்கிவிடும் என்பதை மறக்கக் கூடாது. குடும்பப் பொறுப்பு உள்ளவருக்குப் பட்டம் வாங்கும் நாளைவிட முதல் சம்பளம் வாங்கும் நாள் எது என்பது முக்கியமாக இருக்கலாம். அப்படி நினைப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

இரண்டாண்டு அசோசியேட் என்று சொல்வதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த இரண்டு ஆண்டு, நர்சிங் பாடங்களுக்கு மட்டும் ஆகும் காலம். அதற்கு முன் உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், வேதியியல், புள்ளியியல், உளவியல் என்று முன்தேவைப் பாடங்கள் இருக்கும். அவற்றை முடித்தால்தான் சேர்க்கைக்கே விண்ணப்பிக்க முடியும். அதற்கு ஓராண்டு போய்விடும். விரைவுப் படிப்பிலும் இதே கதைதான். வேறு துறைப் பட்டதாரி பதினைந்து மாதத்தில் செவிலியர் ஆகலாம் என்ற விளம்பரத்துக்குள், அந்த அறிவியல் பாடங்களை ஏற்கெனவே படித்திருந்தால் என்ற நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பல கல்லூரிகள் அவற்றைக் கடந்த ஐந்து அல்லது ஏழு ஆண்டுக்குள் படித்திருக்க வேண்டும் என்றும் கேட்கும். வணிகவியல் பட்டத்தில் இவற்றில் புள்ளியியல் மட்டும் கிடைத்திருக்கலாம். மீதியை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

விரைவுப் படிப்பைப் பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். அது நல்ல படிப்புதான். வேறு துறையிலிருந்து வருபவர்கள் மனிதர்களோடு பழகிய அனுபவத்தோடு வருகிறார்கள், காரணம் தெரிந்து படிக்கிறார்கள், நான் பார்த்த மிகச் சிறந்த செவிலியர்களில் சிலர் அப்படி வந்தவர்கள்தான். ஆனால் விடுமுறையே இல்லாமல் ஓடும் அந்தப் படிப்பின்போது வேறு வேலை பார்க்க வேண்டாம் என்று கல்லூரிகளே எச்சரிக்கின்றன. மூன்று வயதுக் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதற்கு உறுதியான ஏற்பாடு இல்லாமல் அதில் இறங்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். பிரிட்டனிலும் பட்டதாரிகளுக்கு இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு உண்டு. முன்பு படித்ததையும் பராமரிப்புப் பணியில் செலவிட்ட மணிகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பாதி வரை கழித்துத் தருகிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் பட்டதாரிகளுக்கு இரண்டாண்டுப் படிப்பு இருக்கிறது.

இந்தியாவில் அப்படி ஒரு குறுக்கு வழி கிடையாது. பி.எஸ்சி. நர்சிங்கில் சேர, பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். பட்டம் பெற்றிருந்தாலும் பள்ளியில் அறிவியல் படிக்காதவருக்கு அந்த வாசல் மூடியே இருக்கும். ஆனால் ஜி.என்.எம். படிப்பில் மற்றப் பிரிவுகளில் படித்தவர்களும் சேர முடியும். அதனால் அங்கே படிப்பதாக இருந்தால் உங்களுக்கு வழி ஐந்தாண்டு வழிதான்.

திட்டமிட்ட காலம் ஏன் நீள்கிறது என்பதை யாரும் சேர்வதற்கு முன் சொல்வதில்லை. தேர்வில் தோற்பதால்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு பகுதிதான். நர்சிங் பாடங்கள் ஏணிப்படி போன்றவை. உடற்கூறியலில் தேறாமல் நோய்க்கூறியலுக்குப் போக முடியாது, அதில் தேறாமல் அறுவை மருத்துவ நர்சிங்குக்குப் போக முடியாது. ஒரு பாடம் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடத்தப்படுகிறது என்றால், ஒரு தோல்வி ஆறு மாதத்தையோ ஓராண்டையோ விழுங்கிவிடும். வேறு பட்டப் படிப்புகளில் அரியர் வைத்துக்கொண்டு கடைசி ஆண்டுவரை ஓடிவிடலாம் என்ற பழக்கம் இங்கே எளிதில் நடக்காது.

அதைவிடப் பெரியது வருகைப்பதிவு. இந்தியாவில் தேர்வு எழுத 80 சதவீத வருகை வேண்டும். ஆனால் பட்டம் கையில் கிடைப்பதற்கு முன் ஒவ்வொரு செய்முறைப் பிரிவிலும் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். காய்ச்சலில் போன நான்கு நாள், குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போன மூன்று நாள், எல்லாவற்றையும் பிறகு வார்டில் நின்று ஈடுகட்டியே ஆக வேண்டும். மற்ற நாடுகளிலும் மணிக்கணக்கு இதே கண்டிப்போடுதான் இருக்கிறது. தேர்வு எல்லாம் முதல் வகுப்பில் தேறியும், மகப்பேறு வார்டில் சில வார மணிகள் குறைவாக இருந்ததால் உடன் படித்தவர்களுக்கு நான்கு மாதம் கழித்துப் பதிவுபெற்ற மாணவியை எனக்குத் தெரியும். செய்த பயிற்சியைப் பதிவு செய்யும் அவளுடைய லாக் புக்கில் வழிகாட்டியின் கையொப்பங்கள் அவ்வப்போது வாங்கப்படவில்லை. செய்த வேலைக்கே சான்று இல்லாமல் திரும்பச் செய்தாள். அன்றைய கையொப்பத்தை அன்றே வாங்கிவிடுங்கள்.

மருந்து அளவுக் கணக்கையும் இங்கே சொல்ல வேண்டும். 250 மில்லிகிராம் கொடுக்கச் சொல்லி மருத்துவர் எழுதியிருக்கிறார், குப்பியில் 5 மில்லிலிட்டருக்கு 125 மில்லிகிராம் என்றிருக்கிறது, எவ்வளவு கொடுப்பீர்கள் என்பது போன்ற கேள்விகள். விடை 10 மில்லிலிட்டர். பள்ளிக் கணக்குதான். ஆனால் ஒரு புள்ளி இடம் மாறினால் மருந்து பத்து மடங்காகிவிடும் என்பதால் பல கல்லூரிகள் இந்தத் தேர்வில் 90 சதவீதத்துக்கும் மேல், சில இடங்களில் முழு மதிப்பெண்ணே கேட்கின்றன. அதில் தேறும்வரை வார்டில் மருந்தைத் தொட விடமாட்டார்கள். கணக்குப் போட்டு வாழ்ந்த வணிகவியல்காரருக்கு இது சாதகம்.

பட்டம் வாங்கியவுடன் செவிலியர் ஆகிவிடுவோம் என்பதும் சரியல்ல. அந்தந்த நாட்டின் நர்சிங் கவுன்சிலில் பெயர் பதிவான நாளில்தான் நீங்கள் செவிலியர். அமெரிக்காவில் அதற்கு என்க்ளெக்ஸ் என்ற உரிமத் தேர்வு. கணினி உங்கள் பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும். 85 கேள்வியிலும் முடியலாம், 150 வரையும் போகலாம். ஐந்து மணி நேரம். தேறவில்லை என்றால் அடுத்த முயற்சிக்குக் குறைந்தது 45 நாள் காத்திருக்க வேண்டும். தேர்வுக்கான அனுமதி, ஆவணச் சரிபார்ப்பு எல்லாம் சேர்த்து, படிப்பு முடிந்த பிறகு இரண்டு மூன்று மாதத்தையாவது ஒதுக்கி வைப்பது நல்லது.

நாடு விட்டு நாடு போகும் எண்ணம் இருந்தால் இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அமெரிக்காவில் பெரியவர்கள், குழந்தைகள், மகப்பேறு, மனநலம் ஆகிய நான்கிலும் பாடமும் நேரடிப் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும். பிரிட்டனிலோ சேரும்போதே பெரியவர்கள், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு என்று ஒரு துறையைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அங்கே மூன்று ஆண்டு நன்றாகப் படித்து, பெரியவர்களுக்கான செவிலியராகப் பல ஆண்டு வேலையும் பார்த்த ஒருவர் அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கும்போது மகப்பேறு மணிகளும் மனநல மணிகளும் குறைகின்றன என்ற பதில் வரலாம். விட்டுப்போன மணிகளைப் பிற்காலத்தில் தேடிப்பிடிப்பது எவ்வளவு கடினம் என்று அதில் அலைந்தவர்களுக்குத்தான் தெரியும். எந்த நாட்டில் படிப்பது என்று நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்கிறீர்கள். எந்த நாட்டில் வேலை பார்ப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

இவ்வளவு நீளமான பாதையில் யாராவது குறுக்கே ஒரு கதவைக் காட்டினால் மனம் அங்கே போவது இயல்பு. வார்டுக்கே போகாமல் செவிலியர் ஆகலாம் என்று எவர் சொன்னாலும், எவ்வளவு அழகான சான்றிதழைக் காட்டினாலும், திரும்பி வந்துவிடுங்கள். 2023 ஜனவரியில் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் வெளிக்கொண்டுவந்த வழக்கில், ஃபுளோரிடாவின் மூன்று நர்சிங் பள்ளிகளின் பெயரில் 7,600க்கும் மேற்பட்ட போலிப் பட்டயங்கள் விற்கப்பட்டிருந்தது தெரியவந்தது. வாங்கியவர்களில் ஒரு பகுதியினர் உரிமத் தேர்விலும் தேறிப் பணியில் சேர்ந்திருந்தார்கள். தேர்வில் தேறும் அறிவு அவர்களுக்கு இருந்தது. வழிகாட்டி உடனிருக்க நோயாளியின் அருகே நின்ற மணிகள்தான் இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் உடல் நடுங்குகிறது. இணையவழிப் பாடம் என்பது வேறு. அதில் தவறே இல்லை. ஏற்கெனவே பதிவுபெற்ற செவிலியர் மேற்படிப்பை அப்படி முடிக்கலாம். புதிதாகச் சேர்பவருக்கு அது பாடத்துக்கு மட்டுமே உதவும்.

மேற்படிப்பைப் பற்றி இப்போதைக்கு இவ்வளவு போதும்: முதுநிலை பெரும்பாலும் இரண்டு ஆண்டு, இந்தியாவில் அதற்கு முன் ஓராண்டுப் பணி அனுபவமும் கேட்கிறார்கள். முனைவர் பட்டம் மூன்று முதல் ஐந்து ஆண்டு. அதையெல்லாம் நீங்கள் வார்டில் இரண்டு ஆண்டு நின்ற பிறகு யோசிக்கலாம்.

உங்கள் கணக்கை இப்போது போட்டுப் பார்ப்போம். விரைவுப் படிப்பு உள்ள நாட்டில் சேர்வதாக வைத்துக்கொண்டால், முன்தேவைப் பாடங்களுக்கு ஓராண்டு, சேர்க்கைக்குக் காத்திருக்கும் சில மாதம், படிப்பு ஒன்றரை ஆண்டு, உரிமத் தேர்வுக்கும் பதிவுக்கும் மூன்று மாதம். ஏறக்குறைய மூன்று ஆண்டு. மூன்றாண்டு இளநிலைப் பட்டம் உள்ள நாட்டில் எல்லோரோடும் சேர்ந்து முதலாண்டிலிருந்து தொடங்கினாலும் அதே மூன்று ஆண்டுக்குச் சற்றுக் கூடுதல்தான், ஆனால் மூச்சுவிட இடம் இருக்கும். டிப்ளமோ வழியில் போனால் மூன்று ஆண்டில் வேலை, அதன் மேல் இரண்டு ஆண்டில் பட்டம். எந்த வழியிலும் 33 வயதுக்குள் நீங்கள் வார்டில் செவிலியராக நிற்க முடியும். என் வகுப்பில் 38 வயதில் சேர்ந்தவரும் இருந்தார். அவரால் இரவு டூட்டிகளைத் தாங்க முடியாது என்று எல்லோரும் நினைத்தோம். இருபது வயதுக்காரர்கள்தான் அவரிடம் அதைத் தாங்கும் வித்தையைக் கற்றுக்கொண்டார்கள்.

கல்லூரிகளை அணுகும்போது ஆண்டுக்கணக்கைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். மொத்தப் பயிற்சி மணி எத்தனை, எந்தெந்த மருத்துவமனையில், ஒரு வழிகாட்டிக்கு எத்தனை மாணவர், கடந்த முறை சேர்ந்தவர்களில் எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள், அவர்களில் எத்தனை பேர் உரிமத் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறினார்கள் என்று கேளுங்கள். நல்ல கல்லூரி இதற்குத் தயங்காமல் பதில் சொல்லும். கவுன்சிலின் அங்கீகாரம் அந்தக் கல்லூரிக்கு நடப்பு ஆண்டிலும் இருக்கிறதா என்பதைக் கல்லூரியிடம் கேட்காமல் கவுன்சிலின் பட்டியலிலேயே பாருங்கள்.

இன்னொன்றை இந்த வாரமே தொடங்கிவிடலாம். எந்த நாட்டு மருத்துவமனையும் பயிற்சிக்கு உங்களை உள்ளே விடுவதற்கு முன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டதற்கான சான்றைக் கேட்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான முறையில் அது மூன்று ஊசி: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று. அதன் பிறகு எதிர்ப்புச் சக்தி உருவாகிவிட்டதா என்று ரத்தப் பரிசோதனையும் கேட்பார்கள். சேர்க்கை கிடைத்த பிறகு இதைத் தொடங்கிப் பயிற்சிக்குப் போக முடியாமல் நின்றவர்கள் உண்டு. சிறு வயதிலேயே போட்டிருக்கிறீர்களா என்று உங்கள் தடுப்பூசி அட்டையைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் முதல் ஊசியை இப்போதே போட்டுக்கொண்டு தேதியைக் குறித்து வையுங்கள்.